கன்னம் கேட்ட தாய்

போன வருஷம் சித்திரையில் என் முதுகில் ஒரு துளை போட்டு, சிறுநீரகத்துக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் சொருகி, அதன் நுனியில் ஒரு பையைக் கட்டி, "வீட்டுக்குப் போலாம்மா" என்று அனுப்பி வைத்தார்கள். இது எத்தனை நாளைக்கு சார் என்று கேட்டேன். அந்த டாக்டர் ஸ்கேன் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "பழகிக்கணும்" என்றார்.

பழகுவதாவது! மல்லாந்து படுக்க முடியாது. புடவை கட்டினால் குழாய் மடங்கிக்கொள்ளும். நைட்டியோடு தெருவில் இறங்க வெட்கம். பை நிறைய நிறைய அதைக் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். முதல் நாள் அந்தப் பையைப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து என் மடியில் உட்காருவதையே விட்டுவிட்டாள். முதுகு வலியைவிட எனக்கு அதுதான் வலித்தது.

என் பெயர் அமுதா. வல்லம் வடகால் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்தான் நமக்கு. கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் குமார் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். நம் செல்லியம்மன் கோயில் ஆடி மலரில் உனக்கு நடந்ததை எழுது என்று கேட்டார்கள். எனக்கு எழுதியெல்லாம் பழக்கமில்லை. பேசுவதுபோல எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனி லைனில் ஒண்ணுக்குப் போகவேண்டுமென்றால் மாற்று ஆள் வந்து நிற்கவேண்டும். ஆளைக் கூப்பிட்டாலே சூப்பர்வைசர் முகம் முழ நீளத்துக்குப் போகும். அதனால் பெண்கள் யாரும் ஷிப்டில் தண்ணீர் குடிக்கமாட்டோம். யாரும் சொல்லித் தருவதில்லை. புதிதாகச் சேரும் பெண்கூட ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டுவிடுவாள். எனக்குக் கல் வந்தது இதனால்தானா என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் வந்தது. இடது பக்கச் சிறுநீரகத்திலிருந்து மூத்திரம் இறங்குகிற குழாயில் போய் மாட்டிக்கொண்டது. லேசர் வைத்து உடைத்து எடுத்தார்கள். கல் போய்விட்டது. அது உட்கார்ந்திருந்த இடம் தழும்பாகி, அந்தக் குழாய் ஒரு விரல் நீளத்துக்குச் சுருங்கிவிட்டது. பலூன் வைத்து விரித்தார்கள். உள்ளே ஸ்டென்ட் வைத்தார்கள். எடுத்த கையோடு மறுபடியும் சுருங்கியது. கடைசியில்தான் முதுகில் இந்தப் பை.

எனக்கு வலது பக்கச் சிறுநீரகம் பிறவியிலேயே சின்னது. பேருக்கு இருக்கிறது, அவ்வளவுதான். இடதுதான் என்னை ஓட்டிக்கொண்டிருந்தது. அதுவும் போய்விட்டால் ஆயுசு முழுக்க டயாலிசிஸ் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து பீரோ கண்ணாடியில் என்னைப் பார்த்து, "உன் கதை முடிஞ்சிடுச்சி அமுதா" என்று நானே சொல்லிக்கொண்டேன்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. விளக்கு பூஜை முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். நான் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தரையில் உட்கார்ந்தால் குழாய் இழுக்கும். அம்மனைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"கண்ணு கீதா இல்லியா உனக்கு? எத்தினி வருஷமா உனக்கு வெளக்கு போட்டுகினு கீறேன். நீ இன்னா பண்ணிக் கிழிச்ச எனக்கு?" என்று கேட்டுவிட்டேன். வாய்விட்டுத்தான் கேட்டேன். கர்ப்பக்கிரகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பூசாரி அண்ணன் திரும்பிப் பார்த்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கத்தி முடித்த பிறகு அழுதேன். அழுதபடியே, "இந்தக் குழாயை எடுத்துடு தாயே. இந்த ஆடியிலயே ரெண்டு கன்னத்துலயும் அலகு குத்திகினு உன் முன்னால வந்து நிக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். மஞ்சள் துணியில் காசு முடிந்து சூலத்தில் கட்டினேன்.

என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய வேண்டுதல் என்று புரியும். மூக்குக் குத்தக் கூட்டிப்போனபோது ஆசாரி ஊசியை எடுத்ததுமே மயங்கி விழுந்தவள் நான். இன்று வரை எனக்கு மூக்குத்தி கிடையாது. விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

"நீயா? ஒரு ஊசி போட்டாலே ஊரைக் கூட்டுவ. கன்னத்துல வேல் குத்திக்கப் போறியா?"

"குத்திப்பேன். நீங்க வேணா கண்ண மூடிக்குங்க."

ஆனி மாதம் முதுகுக் குழாயை மாற்றச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. வீட்டுக்காரருக்கு அன்று டிரிப். என்னோடு லைனில் நிற்கும் செல்வராணி லீவு போட்டுவிட்டு வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இங்கே ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். "எங்க ஜெபத்துலயும் உங்க பேரச் சொல்லிட்டுத்தான் இருக்கேன்க்கா. ரெண்டு பக்கமும் தட்டி வைப்போம், ஏதாவது ஒரு கதவு தெறக்கும்லா" என்பாள்.

குழாயை மாற்றிய சின்ன டாக்டர் என் ஸ்கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொஞ்சம் இருங்க, எங்க சாரைக் கூப்பிடறேன்" என்று போனார். பெரிய டாக்டர் வந்தார். வந்தவர் ஸ்கேனைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு, "வாயைத் திறங்கம்மா" என்றார்.

"சார், எனக்குக் கிட்னியில..."

"தெரியும்மா. வாயைத் திறங்க."

உறை போட்ட விரலால் இரண்டு கன்னத்தையும் உள்பக்கம் தடவிப் பார்த்தார். "புகையிலை, பாக்கு பழக்கம் உண்டா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாய்க்குள் விரல் இருந்ததால் தப்பித்தார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். "கன்னத்துக்கு உள்பக்கத் தோல் எப்பவும் ஈரத்துலயே இருக்கு. காரம், சூடு எல்லாத்தையும் தாங்குது. அதுல ஒரு துண்டு எடுப்பேன். சுருங்கிப்போன குழாயை நீளவாக்குல கீறி, அந்த இடத்துல இதை ஒட்டுப் போட்டுத் தைப்பேன். குழாய் அகலமாயிடும். வயித்தைப் பெருசாக் கிழிக்க வேண்டியதில்ல. சின்னச் சின்னத் துளை வழியா ரோபோ வெச்சே பண்ணிடலாம். எல்லாருக்கும் நூத்துக்கு நூறு வேலை செய்யும்னு சொல்லமாட்டேன். ஆனா உங்களுக்குச் செஞ்சு பார்க்கலாம்னு எனக்கு நம்பிக்கை இருக்கு."

இன்சூரன்ஸ் அட்டையிலேயே செய்யலாம் என்றும் சொன்னார். செல்வராணி "தோத்திரம்" என்று முணுமுணுத்தாள். கன்னம் என்று அவர் சொன்னது மட்டும்தான் என் காதில் நின்றது. ஆபரேஷனுக்கு அவர் தந்த தேதி, நம் கோயில் திருவிழாவுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை.

"சார், ஒரு வாரம் தள்ளி வைங்க. கன்னத்துல அலகு குத்திட்டு வந்துடறேன்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கன்னத்துலயா?"

"ரெண்டுலயும் சார்."

அவர் கோபப்படவில்லை. "உங்க நம்பிக்கையில நான் தலையிடலம்மா. ஆனா அலகு குத்தின கன்னத்துல உடனே தோல் எடுக்கமாட்டேன். அந்தப் புண் நல்லா ஆறணும். அப்புறம் ரோபோ தியேட்டர் காலியா கிடைக்கணும். அது வரைக்கும் உங்க கிட்னி தாங்குமான்னு எனக்குத் தெரியாது. இப்பவே வீங்கியிருக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ் மணிமங்கலம் வந்ததும் செல்வராணி, "என்னக்கா நீங்க, கையில கெடச்சதப் போயி யோசிக்கணுங்கிய" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் நடந்தது பெரிய சண்டை. "அலகை அடுத்த வருஷம் குத்திக்கலாம்மே. உயிரோட இருந்தாத்தானே குத்திக்க முடியும்?" என்று அவர் கத்தினார். நான் மசியவில்லை. இந்த ஆடி என்று வாய்திறந்து சொல்லியாயிற்று, முடிச்சும் போட்டாயிற்று. இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்குப் போகும்போது அவளை ஏமாற்றிவிட்டுப் போனால், உள்ளே எனக்குத் துணை யார்? சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எனக்கு நிஜமாகவே அப்படித்தான் பயமாக இருந்தது.

கடைசியில், பூப்போட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளைப் பூ. அம்மன் காலடியில் வைத்து, மனதில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்கவேண்டும். சிவப்பு வந்தால் முதலில் அலகு. வெள்ளை வந்தால் முதலில் ஆபரேஷன். பூசாரி அண்ணன் அபிஷேகத்தில் இருந்தார். வீட்டுக்காரரே வாழையிலையில் பூவை மடித்து நூல் சுற்றிக்கொண்டு வந்தார். போட்ட முடிச்சையே மறுபடியும் மறுபடியும் இறுக்கினார். எனக்காகத்தான் இந்தப் பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தேன்.

வெள்ளை நந்தியாவட்டை.

அந்த நிமிஷம் என் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்தமாதிரி இருந்தது. அங்கேயே டாக்டருக்குப் போன் போடச் சொன்னேன்.

ஒரு பயம் போனால் இன்னொரு பயம். ரோபோ! எங்கள் கம்பெனியில் வெல்டிங் ரோபோக்கள் மஞ்சள் கூண்டுக்குள் நிற்கின்றன. நாங்கள் சட்டத்துக்கான இரும்புக் குழாய்களை மாட்டிவிட்டு, வெளியே வந்து பட்டனை அழுத்தினால்தான் அது கையை வீசும். கூண்டுக்குள் ஆள் போகக்கூடாது என்பதுதான் வேலையில் சேர்ந்த அன்று சொல்லித்தரும் முதல் பாடம். இப்போது நானே கூண்டுக்குள் போய்ப் படுக்கவேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் பார்க்க வந்த டாக்டரிடம் கேட்டேவிட்டேன்.

"சார், அதுல எமர்ஜென்சி ஸ்டாப் எங்க இருக்கு?"

பக்கத்தில் இருந்த நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. "இருக்கும்மா, சிவப்பு பட்டன். ஆனா உங்க கம்பெனி ரோபோ மாதிரி இது தானா ஓடாது. அதே ரூம்ல நான் உட்கார்ந்து கையை அசைச்சாத்தான் அது அசையும். நான் கையை எடுத்துட்டா நின்னுடும்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. மயக்க மருந்து ஏறும்போது, "தாயே, அவர் கையைப் பார்த்துக்கோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

விழித்தபோது வயிறு அவ்வளவு வலிக்கவில்லை. வாய்தான் எரிந்தது. இரண்டு பக்கமும் உப்பி, வாய்க்குள் கொழுக்கட்டை வைத்தமாதிரி இருந்தது. பேச வராது. ஆறின கஞ்சியும் ஐஸ் தண்ணீரும்தான் இறங்கின. "கல்யாணமானதுலேருந்து இன்னிக்குத்தான் நீ வாய மூடினு கீற" என்றார் வீட்டுக்காரர். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது.

டாக்டர் வந்து சொன்னார்: "நல்லபடியா முடிஞ்சதும்மா. ஒரு கன்னம் போதும்னுதான் நெனச்சேன். உள்ளே போய்ப் பார்த்தா சுருக்கம் ஸ்கேன்ல தெரிஞ்சதைவிட நீளமா இருந்துது. அதனால ரெண்டு பக்கமும் எடுக்கவேண்டியதாப் போச்சு."

அவர் போன பிறகு செல்வராணி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். "யக்கா, உங்க சாமிக்கு என்னன்னு நேந்திய? ரெண்டு கன்னமும்னுதான? இப்பம் எங்கேருந்து எடுத்திருக்காவ? பொறவு என்ன கடன் நிக்கி?"

இதை நான் யோசிக்கவே இல்லை. இத்தனை நாளும் ஆஸ்பத்திரியை ஒரு பக்கமும் அம்மனை ஒரு பக்கமும் நிறுத்தி, யாரிடம் முதலில் போவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அம்மனோ, நான் கொடுக்கிறேன் என்று சொன்ன கன்னத்தை வாங்கி, அதையே என் வயிற்றுக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டாள். அழுதால் கன்னத்தில் தையல் இழுக்கும். இருந்தும் அழுதேன். வேற்று மதத்துப் பெண் வாயால்தான் அவள் எனக்கு அதைச் சொல்லவேண்டும் என்று இருந்திருக்கிறது.

திருவிழா அன்று நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். பம்பை சத்தம் தெருவுக்குள் வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். அலகு குத்திய பெண்கள் வாய் திறக்காமல் நடந்து போனார்கள். என்னாலும் வாய் திறக்க முடியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆவணியில் முதுகுக் குழாயை எடுத்தார்கள். அன்று சாயங்காலம் மகள் வந்து, என் முதுகில் பிளாஸ்திரி ஒட்டிய இடத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மடியில் ஏறி உட்கார்ந்தாள். புரட்டாசியில் உள்ளே வைத்திருந்த ஸ்டென்டையும் எடுத்தார்கள். ஐப்பசியில் மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மருந்து எங்கேயும் தேங்காமல் இறங்குகிறது, சிறுநீரகத்தின் வீக்கமும் வடிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டவேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது படப்பையில் டீ குடிக்க இறங்கினோம். வீட்டுக்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"அமுதா, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?"

"இன்னாங்க?"

"அன்னிக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளதான் வெச்சேன்."

புரிந்ததும் டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு நடந்துபோய் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். சாமியிடமே பித்தலாட்டமா! அவர் பின்னாலேயே வந்தார்.

"எனக்கு வேற வழி தெரியலமே. செவப்பு வந்துட்டா நீ ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்ட. மடிக்கும்போதே ஆத்தாகிட்ட சொல்லிட்டேன். இது என் தப்பு, எந்தத் தண்டனையா இருந்தாலும் என் தலைல போடு, அவளை வுட்டுடுன்னு. அன்னிலேருந்து தெனம் வண்டிய எடுக்கும்போது, இன்னிக்குத்தான் நமக்குன்னு நெனச்சுக்கினேதான் ஓட்டறேன்."

வெள்ளிக்கிழமை தவறாமல் டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற மனுஷன் அவர். பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எடுப்பார். அப்படிப்பட்டவர் அம்மன் காலடியிலேயே பொய்ப் பொட்டலத்தை வைத்துவிட்டு, அந்தப் பயத்தை இத்தனை மாதமாக யாரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறார். எனக்கு வந்த கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. நடுரோட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அப்படிச் செய்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார், தோப்புக்கரணம் போட்டார், தரையில் விழுந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நான் அம்மனிடம், "இவருக்கு இன்னாத்துக்குத் தண்டனை? இவ்ளோ பயந்த மனுஷனுக்கு அந்தத் தைரியத்தைக் குடுத்ததே நீதானே?" என்று கேட்டேன். இந்த முறை சண்டையாகக் கேட்கவில்லை. பூசாரி அண்ணன் இரண்டு பேருக்கும் ஒரே விபூதித் தட்டை நீட்டினார். இந்த வருஷ ஆடி நெருங்குகிறது. அவர் வண்டி ஒரு கீறல் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

என்னைப்போல் யாராவது இதைப் படித்தால், உங்களுக்குச் சொல்கிறேன். வலியை மறைக்காதீர்கள். அம்மனிடம் போய்க் கத்துங்கள். அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள், தாய்தானே. ஒரு டாக்டர் முடியாது என்றால் இன்னொருவரிடம் காட்டுங்கள். அவள் இந்த வழியில்தான் வரவேண்டும் என்று மட்டும் சட்டம் பேசாதீர்கள். டாக்டர் விரலில் வருவாள், சிநேகிதி வாயில் வருவாள், புருஷன் செய்கிற திருட்டுத்தனத்தில்கூட வருவாள். எனக்கு அப்படித்தான் வந்தாள்.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன், சிரிக்கக்கூடாது. எல்லாரும் காலையில் எழுந்து சாமி படத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள். எனக்கு அதற்கு முன்னாலேயே ஒரு கும்பிடு உண்டு. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, பையும் குழாயும் இல்லாமல், உடம்பு செய்யவேண்டியதைத் தானாகவே செய்து முடித்ததும், "இறங்கிடுச்சி தாயே, உனக்குக் கோடி புண்ணியம்" என்று வாய்விட்டுச் சொல்லுவேன். தோளில் துண்டோடு வெளியே காத்திருக்கிற வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

"யார்கிட்டமே பேசினு கீற உள்ள?"

"ஆத்தாகிட்ட."

"அங்க போயுமா?"

"வலி இங்கதாங்க இருந்துச்சி. அவளும் இங்கதான் வந்தா."